டவர் இங்கே, ரேஞ்ச் அங்கே

சைக்கிளில் வெளிநாடு கிளம்புகிறவர் மலிவு விலை செல்போனைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம்: பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகள்

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிறவருக்கு மாநிலம் மாறியதைச் சொல்ல மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, செக்போஸ்ட். இரண்டு, கடைப் பலகையில் மாறும் எழுத்து. மூன்றாவது, சட்டைப்பையில் நடுங்கும் செல்போன். இந்த மூன்றாவது அடையாளம் மட்டும் எல்லைக் கோட்டை மதிப்பதில்லை. சில சமயம் கோட்டைத் தொடும் முன்பே கேரளத்துக்கு வரவேற்கிறது. சில சமயம் தென்னந்தோப்புகளைக் கடந்து சில கிலோமீட்டர் உள்ளே போன பிறகும் தமிழ்நாட்டிலேயே இருப்பதாகச் சாதிக்கிறது.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அது பேச்சில் இருக்கிறது. பொள்ளாச்சிக்காரர் போனை உயர்த்திப் பிடித்து “டவர் கிடைக்கல” என்பார். கொல்லங்கோட்டுக்காரர் அதே கோணத்தில் கையை உயர்த்தி “ரேஞ்ச் இல்லை” என்று மலையாளத்தில் அலுத்துக்கொள்வார். தமிழர் கோபுரத்தைத் தேடுகிறார். மலையாளி அது எட்டும் தூரத்தை அளக்கிறார். மொழிபெயர்ப்பு வேலையில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். பல முறை போயிருக்கிறேன். ஆனால் சைக்கிளில் நாடு விட்டு நாடு போகப் போகிறவர் செல்போன் கடையில் நிற்கும்போது இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். நாம் போகும் ஊரின் கோபுரத்தோடு இந்தக் கருவி பேசுமா? நாம் விழுந்து கிடக்கும் இடத்தைக் கோபுரம் எட்டுமா?

பெரும்பாலும் இரண்டையும் யாரும் கேட்பதில்லை. சைக்கிளுக்கு மாதக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கும். டயர் அகலம், கியர் பல் எண்ணிக்கை, கூடாரத்தின் எடை எல்லாம் நோட்டில் ஏறும். செல்போன் கடைசியில் வரும். விலை உயர்ந்த போனை வீட்டில் வைத்துவிட்டு, தொலைந்தாலும் பரவாயில்லை என்ற கணக்கில் ஒரு மலிவான கருவி. யோசனை தவறல்ல. எந்த மலிவு என்பதுதான் கேள்வி.

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே உருவத்தில் வரிசையாக நிற்கும் பட்டன் போன்களில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது, 2ஜி மட்டும் தெரிந்தது. 2023-இல் அறிமுகமானபோது நோக்கியா 105-இன் விலை 1,299 ரூபாய். இரண்டாவது, 4ஜி தெரிந்தும் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டது. அதே ஆண்டு 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் ஜியோ சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காது. மூன்றாவது, 4ஜியும் தெரிந்து எந்த சிம்மையும் ஏற்பது. நோக்கியா 106 4ஜி என்ற மாடல் 2,199 ரூபாயில் அறிமுகமானது. பட்டன், திரை, டார்ச் விளக்கு எல்லாம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலுக்கும் மூன்றாவதுக்கும் 900 ரூபாய் வித்தியாசம். சைக்கிளுக்கு ஒரு நல்ல டயர்கூட வராத தொகை. விமானம் ஏறிய பிறகுதான் அந்த 900 ரூபாயின் பொருள் புரியும்.

கட்டுப்பட்ட போனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கொழும்பில் இறங்கி டயலாக் சிம்மையோ, கோலாலம்பூரில் உள்ளூர் சிம்மையோ போட்டால் அது வெறும் டார்ச் விளக்கு. 2ஜி போனின் கதை சற்றுச் சிக்கலானது. இலங்கையில் அது பேசும். மலேசியா 2021-இல் 3ஜியை மூடினாலும் 2ஜியை விட்டுவைத்தது. ஜெர்மனியும் அதே ஆண்டு 3ஜிக்கு விடைகொடுத்து 2ஜியை வைத்துக்கொண்டது; அதாவது அண்ணன் இருக்கத் தம்பி போய்விட்டான். ஆனால் சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி மூடப்பட்டது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி அதே ஆண்டு ஜனவரியில் மூடியது. மலேசியாவில் கடைசி இரவு வரை வீட்டாரோடு பேசியவர், ஜோகூர் பாலத்தைக் கடந்ததும் ஊமையாகிவிடுவார். போனில் பழுது ஒன்றும் இல்லை. எதிரே பேச ஆளில்லை.

4ஜி என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒவ்வொரு நாடும் 4ஜியை வெவ்வேறு அலைவரிசைகளில் நடத்துகிறது. அவற்றுக்கு ‘பேண்ட்’ எண்கள் உண்டு. இந்தியாவில் 3, 5, 8, 40 புழங்குகின்றன, பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி 1, 28 ஆகியவற்றில் வருகிறது. ஐரோப்பாவின் கிராமப்புறங்களில் தொலைதூரம் எட்டுவது 20-ஆம் எண். இந்தியாவில் விற்கும் மலிவு போன்களில் பலவற்றில் அது கிடையாது. நகரத்தில் தெரியாது, 3-ஆம் எண் காப்பாற்றிவிடும். ஆனால் சைக்கிள்காரர் இரவு தங்குவது நகரத்தில் அல்லவே. அட்டைப் பெட்டியின் பின்புறம், எறும்பு எழுத்தில், இந்த எண்கள் இருக்கும். கடைக்காரர் பெட்டியைத் திறக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கறாரான நாடு ஆஸ்திரேலியா. 2024 அக்டோபர் இறுதியில் அங்கே 3ஜியும் மூடப்பட்டது. 2ஜி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போய்விட்டது. 4ஜி வழியாக அவசர அழைப்பைச் செய்ய முடியாத கருவிகளுக்கு நிறுவனங்கள் இணைப்பே தரக்கூடாது என்பது அங்கே விதி. இணையம் ஓடும், குறுஞ்செய்தி போகும் என்ற வாதம் எடுபடாது. கொஞ்சம் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்த விதியில் ஒரு தெளிவு இருக்கிறது: ஆபத்தில் கூப்பிட உதவாத போன், போனே அல்ல.

ஐரோப்பாவுக்குத் தரைவழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு துருக்கியில். வெளியிலிருந்து கொண்டுவந்த கருவியில் துருக்கி சிம் போட்டால் 120 நாட்களுக்குப் பிறகு, பதிவுக் கட்டணம் கட்டாவிட்டால், இணைப்பு துண்டிக்கப்படும். கருவியின் 15 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிடுவார்கள். (*#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும். திருட்டுப் புகார் கொடுக்கவும் அதுதான் தேவை.) கோழிக்கோட்டைச் சேர்ந்த ஃபாயிஸ் அஷ்ரஃப் அலி 2019-இல் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போனார், 2022 ஆகஸ்ட் 15 அன்று திருவனந்தபுரத்திலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். அத்தகைய பயணத்தில் மாறும் ஒவ்வொரு கொடியோடும் ஒரு தொலைபேசிச் சட்டமும் மாறுகிறது. 1923-இல் மும்பையிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பி 1928-இல் திரும்பிய பார்சி இளைஞர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கடிதம் எழுதினார்கள்.

இந்த விவகாரம் எதுவும் எல்லைப்புறத்துக்குப் புதிதல்ல. வெளிநாடு போகாமலேயே வெளிநாட்டுக் கட்டணம் கட்டியவர்கள் இவர்கள். 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை செல்போனில் பேசி, எஸ்கோடெல் நிறுவனம் வழியாகக் கேரளத்தில் செல்போன் காலத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது நாடு ‘சர்க்கிள்’களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பி.பி.எல். நிறுவனத்துக்குத் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் உரிமம் இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே சின்னம். ஆனாலும் வாளையாரைத் தாண்டினால் ரோமிங். அந்த பி.பி.எல். 1963-இல் பிறந்ததே பாலக்காட்டில்தான் என்பது இதில் உள்ள வேடிக்கை. வாளையாருக்கு அடுத்த கஞ்சிக்கோட்டில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் செய்த ஐ.டி.ஐ. தொழிற்சாலையும் இருக்கிறது. தொலைபேசிக் கருவிகளைத் தயாரித்த ஊர், பக்கத்து ஊரோடு பேச ரோமிங் கட்டியது.

அதற்கு மாற்று வழியைக் கண்டது தொழிற்சாலை அல்ல, தோட்டம். கம்பம், போடிப் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்கும் தொழிலாளர்களுக்கு, ஒரே நாளில் இரண்டு முறை ‘வெளிமாநிலம்’. வரும் அழைப்புக்கும் காசு. எனவே இரண்டு சிம். மலையில் ஒன்று, சமவெளியில் ஒன்று. முதலில் சிம்மைக் கழற்றி மாற்றினார்கள். பிறகு இரண்டு சிம் போடும் மலிவு போன்கள் வந்தபோது, பெரிய நிறுவனங்கள் அதன் அருமையை உணரும் முன்பே எல்லைக் கடைகளில் அவை விற்றுத் தீர்ந்தன. 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டுவிட்டன. ஆனாலும் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் காரணம் கட்டணம் மட்டுமல்ல. ஒரு மலைச்சரிவில் ஒரு கம்பெனிக்குத்தான் கோபுரம் இருக்கும். அடுத்த சரிவில் இன்னொன்றுக்கு.

வெளிநாடு போகும் சைக்கிள்காரர் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். இரண்டு சிம் இடம் ஆடம்பரம் அல்ல. ஒன்றில் உள்ளூர் சிம். மற்றொன்றில் இந்திய சிம், சர்வதேச ரோமிங்கைக் கிளம்பும் முன்பே திறந்துவைத்து. பேசுவதற்கு அல்ல, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால் சிம்மின் ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தால் ஓ.டி.பி.யும் வராது, அது வராவிட்டால் பணமும் வராது. நடுத்தெருவில் நிற்பது என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி: ரேஞ்ச். இதற்கு மலை ஏற வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற்றுகிறது. சுமை கட்டிய சைக்கிளில் மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகம் வந்தால் பெருமைப்படலாம். இங்கேதான் பேட்டரியின் சுயரூபம் தெரியும். சமவெளியில் கோபுரம் அருகில் இருக்கும்போது போன் மெல்லிய குரலில் பேசினால் போதும். மலை மறைக்க மறைக்க அது கத்தத் தொடங்குகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி போனின் உச்சக் குரல் 2 வாட். கோபுரமே கிடைக்காத வளைவுகளில் விடாமல் தேடிக்கொண்டிருக்கும். காலையில் நிறைந்திருந்த பேட்டரி, யாரோடும் பேசாமலே மாலைக்குள் இளைத்துவிடும். சிக்னல் இல்லை என்று தெரிந்த காட்டுப் பாதையில் போனை அணைத்துவிட்டு, மேட்டில் ஏறியதும் திறப்பதே நல்லது.

சைக்கிள் சக்கரத்தில் டைனமோ வைத்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். நல்ல யோசனை, ஆனால் சமவெளிக்கு. வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதுவும் 15 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் போனால்தான். போடிமெட்டு ஏற்றத்தில் கால் வலிக்குமே தவிர போன் நிறையாது. பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோக்கியாவின் பழைய பி.எல்.-5சி பேட்டரி 1,020 மில்லி ஆம்பியர்-மணி, சுமார் 4 வாட்-மணி. சேதாரம் போக இரண்டு மணி நேர மிதிப்பில் நிறைந்துவிடும். 5,000 மில்லி ஆம்பியர்-மணி ஸ்மார்ட்போனுக்கு அதைப்போல ஐந்து மடங்கு. ஒரு முழு நாள் மிதிக்க வேண்டும். கணவாயில் எதிர்காற்று அடிக்கும் மாதமென்றால் இன்னும் கூடுதல்.

பட்டன் போனுக்கு வேறு சாதகங்களும் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். (உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், கீழே போகும் பெட்டியில் வைத்தால் இறக்கிவிடுவார்கள்.) மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது, பட்டன் பணியும். 2003-இல் வந்த நோக்கியா 1100 உலகெங்கும் சுமார் 25 கோடி விற்றதில், தூசி புகாத பட்டன்களுக்கும் அந்தச் சின்ன டார்ச்சுக்கும் பங்கு உண்டு. இருட்டில் பஞ்சர் ஒட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதில் இல்லாதது வரைபடம். வீட்டில் கீறல் விழுந்த பழைய ஸ்மார்ட்போன் ஒன்று கிடந்தால், போகும் நாட்டின் வரைபடத்தை முன்பே இறக்கி அதையும் எடுத்துக்கொள்ளலாம். சிம் இல்லாமல், விமானப் பயண நிலையில் வைத்தாலும், செயற்கைக்கோள் வழி இடம்காட்டி வேலை செய்யும். வழி பார்க்க அது; கூப்பிட இது. இரண்டையும் ஒரே கருவியிடம் ஒப்படைத்தால், வழி தெரிந்துகொண்டே அன்றைய பேட்டரியைத் தீர்த்துவிடும்.

இத்தனை முன்ஜாக்கிரதையும் கோபுரம் நின்றுபோனால் பயனில்லை. அதை இந்த மலை மிகக் கொடூரமான விதத்தில் காட்டியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில், கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மீது மலை சரிந்தது. மண்ணில் போனவர்கள் 70 பேர். அனைவரும் தமிழர்கள், பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மலை சரிந்தது இரவு பத்தரை மணிக்கு மேல். வெளியுலகத்துக்குத் தெரிந்தது மறுநாள் காலை. பல நாள் மழையில் மின்சாரம் போய், அந்தப் பகுதிக்கு இருந்த கோபுரமும் செயலிழந்திருந்தது. தப்பியவர்கள் இருட்டில், மழையில், நடந்துபோய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கோபுரம் என்பது இரும்பு மட்டுமல்ல: மின்சாரம், அது போனால் பேட்டரி, அதுவும் தீர்ந்தால் டீசல், டீசல் வந்து சேர ஒரு சாலை. சாலை துண்டிக்கப்பட்ட மழைக்காலத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும். அந்த இரவில் எவர் கையில் எந்த போன் இருந்தது என்பது ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே சைக்கிள்காரர் போனுக்கு வெளியே ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். காலையில் கிளம்பும்போது, இன்று எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குள் பேசுவேன் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுவது. அந்த நேரம் தாண்டினால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிடுவது. அழைப்பு வராததையே செய்தியாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. செலவில்லை, பேட்டரி வேண்டாம். நாள்தோறும் தவறாமல் செய்வதுதான் கடினம்.

அவசர எண்கள் விஷயத்திலும் எல்லைச் சாலை ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2019 முதல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 112 இருக்கிறது. ஐரோப்பாவிலும் அதே எண். ஆனால் 112-ஐ அழைத்தால் அது எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்பதைக் காலடியில் உள்ள மண் அல்ல, போன் பிடித்த கோபுரம் தீர்மானிக்கிறது. போடிமெட்டு விளிம்பிலோ டாப் ஸ்டேஷனிலோ நிற்பவருக்கு, கீழே தேனிச் சமவெளியின் கோபுரம் நேராகத் தெரியும். கேரள மண்ணில் கால் முறிந்து கிடப்பவரின் குரல் தமிழ்நாட்டு அறைக்குப் போக வாய்ப்பு உண்டு. எடுத்தவுடன் ஊரின் பெயர், சாலையின் பெயர், எல்லையின் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தோ-நேபாள எல்லையிலும், சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரைகளிலும் இதே குழப்பத்துக்கு இடமிருக்கிறது.

சிம் இல்லாமலும் அவசர அழைப்பு போகும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் 2009 முதல் அது செல்லாது. இலங்கையில் ஆம்புலன்ஸ் எண் 1990, போலீஸ் 119. அந்த ஆம்புலன்ஸ் சேவை 2016-இல் இந்திய உதவியோடு தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்பு வரை மிதிக்கப் போகும் தமிழர் வழியில் தமிழிலேயே உதவி கேட்கலாம், எண் தெரிந்திருந்தால். போகும் நாடுகளின் எண்களை போனில் பதிந்தால் போதாது. ஒரு தாளிலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சைக்கிள் சீட்டுக்கு அடியில் கட்டிவைக்க வேண்டும். நினைவிழந்து கிடப்பவரின் போனுக்குக் கடவுச்சொல் இருக்கும். தாளுக்கு இல்லை.

கிளம்பும் முன் ஒத்திகைக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். பாலக்காடு, கொல்லங்கோடு, பொள்ளாச்சி என்று முதல் நாள் சமவெளி. மறுநாள் போடியிலிருந்து மூணாறு. உடுமலை, சின்னார், மறையூர் வழி யானைப் பாதை, அங்கே வனத்துறையைக் கேட்காமல் சைக்கிளை இறக்க வேண்டாம். வாங்கிய மலிவு போனை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வேறு கம்பெனி சிம்களைப் போட்டு, எந்த வளைவில் எது செத்தது, எங்கே உயிர் பெற்றது, மாலையில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொண்டே ஏற வேண்டும். பூப்பாறை இறக்கத்தில் ஒரு முறை போனைக் கீழே போட்டும் பார்க்கலாம். எப்படியும் ஒரு நாள் அது விழத்தான் போகிறது. மூணாறு வந்து சேர்ந்ததும் வீட்டுக்குப் பேசி, இன்று மதியத்திலிருந்து எத்தனை முறை கூப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கணக்கில் மிஸ்டு கால் இரண்டு என்று இருக்கும். அவர்கள் கணக்கில் ஒன்பது.